கிணற்றுத் தண்ணீரும் இரண்டு சச்சரவுகளும்



கந்தளாயில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பின்னேரமானால் அங்கே கேன்களும் போத்தல்களும் வரிசைகட்டி நிற்கும். வரிசையில் முஸ்லிம் பெண்களும் இருப்பார்கள், சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இருப்பார்கள். கேன் நிரம்பும் வரை பேசுவதற்கு நேரமும் நிறைய இருக்கும்.

ஒரு நாள் பேச்சு சிறுநீரக நோயின் பக்கம் திரும்பியது. "எல்லாம் அந்தப் புல்லுக்கு அடிக்கிற மருந்தாலதான்" என்றார் முன்னால் நின்ற ராத்தா ஒருவர். "இல்ல புள்ள, அலுமினியச் சட்டிதான் காரணம். நம்மட உம்மாமார் மண்சட்டியில ஆக்கின காலத்துல இந்த நோய் இருந்துச்சா?" என்றார் பின்னால் நின்ற மாமி. ஒரு சிங்களச் சகோதரி பசளையில் நஞ்சு கலந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அவருடைய மாமனார் இந்த நோயில் போனவர். நானும் சும்மா இருக்கவில்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும் ஒரு காரணமாம் என்று எங்கோ படித்ததை எடுத்து விட்டேன். ஒருவரும் ஏற்கவில்லை! கேன் நிரம்பியதும் ஆளுக்கொரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டறிந்து சொன்னால் எல்லோரும் ஏற்றுக்கொண்டு போக வேண்டியதுதானே? ஏன் சில விடயங்கள் மட்டும் சந்திக்குச் சந்தி வாதமாகின்றன? பூமியிலிருந்து சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்றால் ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் அதே சந்திரனின் பிறை இன்று தெரியுமா, தெரியாதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சண்டையை நாம் எவ்வளவு அழகாகப் பிடிப்போம் என்பது உங்களுக்கே தெரியும்! தூரம் நம் வீட்டுக்குள் வருவதில்லை. பிறை வருகிறது. நோன்பும் பெருநாளும் அதோடு வருகின்றன.

சிறுநீரக நோயும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியா பக்கத்து வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கவனித்தார்கள். சிறுநீரகம் பழுதாவதற்கு வழக்கமான காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இவர்களுக்கோ இரண்டும் இல்லை. பெரும்பாலும் வயலிலும் சேனையிலும் பாடுபடுகிற நடுத்தர வயதுக்காரர்கள். நோவில்லை, காய்ச்சலில்லை. உடம்பு வீங்கி, சாப்பாடு மனம் செல்லாமல் வைத்தியசாலைக்கு வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயரிட்டார்கள். வடமத்திய மாகாணத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை, ஊவாவில் பதுளையின் தாழ்நிலப் பகுதிகள் என்று பட்டியல் நீண்டது. நமது திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவும் அதில் உண்டு.

"காரணம் தெரியாத" என்ற அந்தச் சொல்லைச் சற்றே கவனியுங்கள். வைத்தியருக்கு அது நேர்மையான சொல். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். ஆனால் முப்பத்தைந்து வயதில் கணவனை டயாலிசிஸ் கட்டிலில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் என்ன சொல்லும்? இரண்டு பிள்ளைகளும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவளுக்கு நாளைக் காலையில் எந்தத் தண்ணீரில் தேநீர் போடுவது என்று தெரிய வேண்டும். விஞ்ஞானம் பத்து வருடம் பொறுக்கச் சொல்லும். கேத்தல் பொறுக்காது. அந்த இடைவெளியில்தான் ஆளுக்கொரு காரணம் வந்து குந்திக்கொள்கிறது.

வந்த காரணங்கள் கொஞ்சமல்ல. நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம் என்றார்கள். வரண்ட வலயத்தில் பிள்ளைகளின் பற்கள் மஞ்சளும் கபிலமுமாக மாறுவது அதனால்தான் என்பது உறுதியான விடயம். அந்தப் புளோரைட் மலிவான அலுமினியப் பாத்திரத்தோடு சேர்ந்து வினைபுரிகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருத்து வந்தது. நமது மாமியின் சட்டிக் கதை அங்கிருந்துதான் புறப்பட்டது. அவர் ஒன்றும் கற்பனையாகச் சொல்லவில்லை. குளத்து நீரில் வளரும் பாசியின் நஞ்சு என்றார்கள். பசளையோடு வரும் கட்மியம் என்றார்கள்.

2011இல் களனிப் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆர்சனிக் என்றது. அப்போது அங்கே விஞ்ஞான பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் நளின் த சில்வா, இந்தத் தகவல் நாத தெய்வத்தின் மூலம் கிடைத்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு சாரார் சிரித்தார்கள். இன்னொரு சாராருக்கோ அதனாலேயே நம்பிக்கை கூடியது. பசளையிலும் தண்ணீரிலும் ஆர்சனிக் உண்டா, இல்லையா என்று அளந்து பார்க்க வேண்டிய சாதாரணக் கேள்வி, நீ எந்தப் பக்கம் என்ற கேள்வியாக மாறிவிட்டது. அதன் பிறகு எந்த ஆய்வுகூடத்தின் அறிக்கை வந்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் அது யாருடையது என்றுதான் பார்த்தார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் நமது சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. ஊர் எதிர்பார்த்த ஒற்றைக் குற்றவாளியை அது காட்டவில்லை. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்தது. ஆனால் பல காரணிகள் சேர்ந்தே இந்த நோய் வருகிறது என்று சொன்னது. பல காரணிகள் என்றால் யாரைப் பிடித்து உலுக்குவது? அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். அது நம்மைப் பற்றியது.

2014 பெப்ரவரியில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன முதலான மூவர் எழுதிய கட்டுரை வந்தது. கிளைபொசேட் என்ற களைநாசினி வன்னீரில் உள்ள உலோகங்களோடு பிணைந்து சிறுநீரகம் வரை அவற்றைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது என்பது அவர்கள் கருத்து. வன்னீர் என்றால் வேறொன்றுமில்லை. சவர்க்காரம் போட்டால் நுரைக்காத, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற நம்முடைய கிணற்றுத் தண்ணீர்தான். அந்தக் கட்டுரை ஒரு கருதுகோள். "இப்படி இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்" என்பதே கருதுகோள். மாவை நாவில் வைத்துப் பார்த்து "உப்புப் போதாது போலிருக்கிறது" என்று சொல்வதற்கும், கறி இறக்கி வைத்துப் பந்தியில் பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? ஆனால் பத்திரிகைத் தலைப்பில் "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு இடம் இருப்பதில்லை. ஊருக்குள் வந்தபோது அது "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றுதான் வந்தது.

மறு வருடம் அரசாங்கம் கிளைபொசேட்டை நாடு முழுவதும் தடை செய்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொலன்னறுவைக்காரர். முன்பு சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். நோயாளிகளின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022 ஓகஸ்டில் முழுவதுமாக நீங்கியது. இடையில் 2021இல் இரசாயனப் பசளை முழுவதையும் ஒரேயடியாகத் தடைசெய்து, பெரும்போக வேளாண்மை படுத்த கதையை உங்களில் வயல் உள்ள எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

தடைக் காலத்தில் நோய் குறைந்ததா? சட்டென்று சொல்ல முடியாது. இன்று செயலிழக்கும் சிறுநீரகம் பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்பே அடிபடத் தொடங்கியிருக்கும். ஆனால் தடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது உடனே தெரிந்தது. வரம்பிலும் மேட்டிலும் மருந்தடித்துப் புல்லை அழித்த இடத்தில், குனிந்து புல் வெட்டியவர்களில் பெண்கள்தான் அதிகம். கூலியாள் பிடிக்கக் காசில்லாத வீட்டில் உம்மாவும் குமர்ப்பிள்ளையும் இறங்கினார்கள். வயல்காரர் ஒருவரின் மனைவி என்னிடம் கேட்டார்: "மருந்து குடிச்சுச் சாகிறத விட இடுப்பு முறிஞ்சு சாகிறது நல்லதா ராத்தா?" என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியோடு இருப்பவருக்கு முன்னால் ஆய்வறிக்கையை நீட்டினால், அதில் உள்ள அட்டவணையையா அவர் பார்ப்பார்? முடிவு தனக்கு ஆதரவா, எதிரா என்றுதான் பார்ப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பேன்.

உலகத்து விஞ்ஞானிகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபொசேட் "மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்" என்ற வகுப்பில் அதைச் சேர்த்தது. அதே வருடம் நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அது அப்படிச் செய்ய வாய்ப்பில்லை என்றது. "பார்த்தீர்களா, காசு வாங்கிவிட்டார்கள்" என்றனர் பலர். விடயம் அவ்வளவு எளிதல்ல. முதலாவது குழு, இந்தப் பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு உண்டா என்று கேட்டது. இரண்டாவது குழு, மனிதர் உண்மையில் உட்கொள்கிற அளவில் தீங்கு வருமா என்பதையும் சேர்த்துப் பார்த்தது. இது புரிய நமது சமையலறைக்கே வரலாம். அதே புற்றுநோய் முகவரகம் அதே வருடம் ஒக்டோபரில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சிகளையும் கிளைபொசேட் இருக்கும் அதே வகுப்பில்தான் சேர்த்தது! ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதற்கான வகுப்பு அது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதற்கல்ல. வலீமாப் பந்தியில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். களைநாசினிக்கு "உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று வாதாடியவர்தான் முதலில் "அவங்களுக்கு என்ன தெரியும்" என்பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மக்களின் சந்தேகம் எல்லாம் அறியாமை என்று நான் சொல்லப் போவதில்லை. சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. 1954இல் அமெரிக்கச் சிகரெட் கம்பனிகள் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் போட்டு, தமது பொருள் உடலுக்குத் தீங்கு செய்வதாகத் தாம் நம்பவில்லை என்றன. ஆய்வாளர்களுக்குக் காசு கொடுத்துப் பல வருடம் குழப்பம் விளைவித்தன. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் உசாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, தடுப்பூசி போடுவதாகப் பாவனை செய்து ஒரு வைத்தியரை வீடுகளுக்குள் அனுப்பியது. அது வெளியே வந்தபின், உண்மையாகவே போலியோ சொட்டு மருந்து கொண்டு போன அப்பாவிப் பெண்களைச் சந்தேகித்தார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உலகில் போலியோ இன்னும் ஒழியாத இரண்டு நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. ஒரு தடவை உடைந்த நம்பிக்கைக்குப் பிள்ளைகளின் கால்கள் விலை கொடுக்கின்றன.

நம்பிக்கை உடைவது என்றால் என்னவென்று நாமும் 2020இல் பார்த்தோம். அங்கேயும் பேச்சு கிணற்றுத் தண்ணீரைப் பற்றியதே.

அந்த வருடம் மார்ச் 30ஆம் திகதி, கொரோனாவால் மௌத்தான நீர்கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது: கொரோனாவால் இறப்பவர் எவராயினும் தகனம் மட்டுமே. சொல்லப்பட்ட காரணம், உடலை அடக்கினால் வைரசு நிலத்தடி நீரில் கலந்துவிடும், நம் நாட்டில் பல இடங்களில் நீர்மட்டம் உயரமாக இருக்கிறது என்பது. உலக சுகாதார நிறுவனமோ மார்ச் 24ஆம் திகதியே, அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஆகும் என்று வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. தொற்று நோயில் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் அதில் எழுதியிருந்தது.

இங்கே விஞ்ஞானம் தடுமாறவில்லை. சிறுநீரக நோயில் போல ஏழெட்டுக் காரணங்கள் இல்லை. வைரசு உயிருள்ள உடற்கலத்துக்குள்ளேதான் பெருகும். இறந்த உடலில் அது பெருகாது. மண்ணுக்குள் நாளாக நாளாகச் சிதையும். வாந்திபேதிக் கிருமியைப் போல நீரில் வாழ்ந்து பரவுகிற வகையும் அல்ல இது, சுவாசத்தால் பரவுவது. பிறகேன் இந்த எளிய விடயம் ஒரு நாட்டின் சச்சரவாயிற்று?

என் மனதில் படுவதைச் சொல்கிறேன். சந்தேகம் முன்பே தயாராக இருந்தது. காரணம் பிறகுதான் தேடப்பட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நமது சகோதரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கறியில் கலக்கப்படுகிறது என்று கிளம்பிய கதை நினைவிருக்கிறதா? கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி மலடாக்கும் மாத்திரை என்ற ஒன்று உலகிலேயே இல்லை. அரச பகுப்பாய்வாளர் சோதித்து, அது வெறும் மாக் கட்டி என்று அறிக்கை கொடுத்தார். ரொட்டிக்கு மா பிசைகிற எந்தப் பெண்ணும் பார்த்தவுடன் சொல்லியிருப்பாள்! அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு முஸ்லிம் என்றாலே அச்சமாகப் பார்க்கிற மனங்களுக்கு, "அவர்களுடைய மையவாடியிலிருந்து நஞ்சு வருகிறது" என்ற பேச்சு புதிதாகத் தோன்றவில்லை. முன்பே நினைத்திருந்ததை யாரோ விஞ்ஞானச் சொற்களில் சொன்னது போலத்தான் இருந்தது.

கந்தளாயில் எங்கள் தெருவில் ஒரு முதிய உம்மும்மா இருந்தார். 2020 கடைசியில் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராத மகன். நான் இங்கேயே மௌத்தானாலும் காரியமில்ல. நெருப்பில போட்டிருவாங்க" என்று அழுதார். பின் அறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, அயலாருக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். எனக்குத் தெரியும். நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் படுத்தார்கள். அல்லாஹ்வின் உதவியால் ஒருவரும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் இருமல் சத்தம் கேட்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறியது. அப்படி எத்தனை ஊர்களில் எத்தனை பின் அறைகள்! நோயைத் தடுக்கவென்று போட்ட சட்டம் நோயை வீட்டுக்குள் ஒளித்து வைத்தது.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளேயான ஒரு பாலகனின் உடல், பெற்றோர் சம்மதிக்காமலேயே எரிக்கப்பட்டது. அதைக் கேட்டு எல்லா மதத்தவரும் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதே மாதத்தில்தான் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார், ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கு ஆதாரம் போதாது, பாணிக்குப் போதும்!

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த இருண்ட நாட்களில் நமக்காகப் பேசியவர்களும் விஞ்ஞானிகளே. சமுதாய வைத்திய நிபுணர்களின் சங்கம் பேசியது. இலங்கை மருத்துவச் சங்கம் பேசியது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு அடக்கலாம் என்றே பரிந்துரைத்தது. அவர்களில் அநேகர் முஸ்லிம்கள் அல்லர். தமது துறை சொல்வதைச் சொன்னார்கள். அரசாங்கம் 2021 பெப்ரவரி கடைசியில்தான் இறங்கி வந்தது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். அங்கே வாழும் கிறிஸ்தவ மீனவர்கள் எதிர்த்தார்கள். எல்லா ஊரிலும் புதைக்கக்கூடாத ஒன்றை எங்கள் தீவில் மட்டும் ஏன் புதைக்கிறீர்கள் என்ற அவர்களுடைய கேள்வியில் என்ன பிழை? பிறகு மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். மற்ற மதத்தவரும் அவர்களில் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று சொல்லப்பட்டது. பாதுகாப்பாக அடக்கினால் தண்ணீர் மாசடையாது என்று பின்னர் நடந்த ஆய்வுகளையும் அதே பத்திரத்தில் எடுத்துக் காட்டினார்கள். உம்மும்மா அப்போது இல்லை. அதற்கு முந்திய வருடம் சாதாரண நோயில் மௌத்தாகி, நமது மையவாடியில் அடங்கியிருந்தார்.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021இல் தடுப்பூசி வந்தபோது, அது போட்டால் பிள்ளை தங்காது என்று ஒரு குரல் பதிவு என் கைபேசிக்கு வந்தது. அரபு நாட்டில் வேலை செய்யும் ஒரு டாக்டர் சொல்வதாக இருந்தது. நான் அதைக் கேட்டுவிட்டு, கலியாணமாகி ஆறு மாதமான என் சாச்சி மகளுக்கு அனுப்பினேன். அவள் ஊசி போடாமல் இருந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவமாது வீட்டுக்கு வந்து பொறுமையாக விளக்கிய பிறகுதான் போய்ப் போட்டாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அம்பாறையில் நம் சகோதரரின் கடையை உடைத்ததும் அதே கதைதானே சகோதரிகளே? மலடாக்கும் மாத்திரை, மலடாக்கும் ஊசி. அதைச் சொன்னவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்! அப்போது ஆதாரம் வேண்டும் என்று கேட்டேன். குரல் பதிவு வந்தபோது கேட்கவில்லை. ஜனாஸாக்களை எரித்தவர்கள் தந்த ஊசி என்ற கசப்பு என் உள்ளத்தில் இருந்தது. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கசப்பால் அறிய முடியாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மீண்டும் தண்ணீர் வரிசைக்கு வருகிறேன். எங்கள் ஊர் தண்ணீரால் வாழ்கிற ஊர். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இழந்த ஊரும்கூட. சிறுநீரக நோய்க்கு ஒற்றைக் காரணம் இதுவென்று இன்று வரை எவராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. எல்சல்வதோர், நிக்கரகுவா நாடுகளில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இதைப் போன்ற நோய் வருகிறது. அங்கே வெயிலும் நீரிழப்பும் முக்கியமாகப் பேசப்படுகின்றன. கந்தளாயிலும் ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது, சீனித் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைட்டோ உலோகமோ போகாது. சுத்திகரித்த நீர் அவற்றைப் பெருமளவு குறைக்கும். வயலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிக் கொடுப்பதில் எந்தக் கட்சிக்காரருக்கும் ஆட்சேபம் இல்லை.

2013 அறிக்கையில் நம்மைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது என்றேனே. அந்த ஆய்வில் நோயின் அடையாளம் ஆண்களில் 12.9 வீதத்தினரிடமும், பெண்களில் 16.9 வீதத்தினரிடமும் இருந்தது. முற்றிய கட்டத்தில்தான் ஆண்கள் அதிகம். "வயல்கார ஆம்பிளைகளுக்கு வாற நோய்" என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வரிசையில் நடந்த அவ்வளவு வாதத்திலும் ஒருவருக்காவது தன்னைப் பற்றி நினைப்பு வரவில்லை.

போன கிழமை அந்த மாமியிடம் இதைச் சொன்னேன். அலுமினியச் சட்டியைத் தூக்கி எறிந்து மூன்று வருடமாயிற்று, தனக்கு ஒன்றும் வராது என்றார். "சரி மாமி, சட்டியாகவே இருக்கட்டும். சின்னப் போத்தலில சலம் கொடுத்தா கிளினிக்கில பார்த்துச் சொல்லுவாங்க. இரத்தமும் கொஞ்சம் எடுப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன். கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நீ பார்த்தியா?" என்று கேட்டார்.

நானும் பார்த்திருக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் இருவருமாகப் போவதென்று பேசியிருக்கிறோம்.